மேரு மார்க்கிரட்டின் கறுப்புக் கண்ணன்

கோயில் கண்ணன் பொம்மையை மார்க்கிரட் தன் வீட்டு மாட்டிறைச்சி அடுப்பில் வைத்துச் சுட்டாள் என்று, கிள்ளானை ஒட்டிய எங்கள் மேரு ஊர்ப் பக்கம் இன்றைக்கும் சொல்லித் திரிகிற வாய்கள் இருக்கின்றன. அந்த வாய்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சுட்டது அவள் அடுப்பில் இல்லை. என் வொர்க்‌ஷாப்பில், கார் கதவுக்கும் பானட்டுக்கும் பெயிண்ட் காயவைக்கிற என் விளக்குகளுக்கு முன்னால் வைத்துச் சுட்டது. பக்கத்தில் நின்றவன் நான். என்னிடம் வந்து கேட்டிருக்கலாம். ஒருவனும் கேட்கவில்லை. கேட்டால் பேசுவதற்கு ஒன்றும் இருக்காதே!

மார்க்கிரட் என் பக்கத்து வீட்டுக்காரி. பிறந்தது பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில். யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவக் குடும்பம். அப்பா ரயில்வே ஆபீசில் கிளார்க், அண்ணன்மார் இரண்டு பேரும் அரசாங்க உத்தியோகம், அக்கா டீச்சர். இவள் மட்டும் பரீட்சையில் தவறிவிட்டாள். வீட்டில் இரண்டாம் முறை எழுது, மூன்றாம் முறை எழுது என்று உயிரை எடுத்திருக்கிறார்கள். எழுபத்தெட்டில் மேருவில் பொம்மை பேக்டரி திறந்து ஆள் எடுத்தபோது, கட்டிய பெட்டியோடு பஸ் ஏறி வந்துவிட்டாள். ரயில்வே கிளார்க் மகள் பேக்டரியில் லைன் வேலை பார்க்கிறாள் என்றால் அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு கேவலம்! அக்கா கல்யாணத்துக்குக்கூட அழைப்பு வரவில்லை. இவளும் கேட்டுப் போகவில்லை. கல்யாணமும் கட்டிக்கொள்ளவில்லை.

நல்லவள், அமைதியானவள் என்றெல்லாம் நான் எழுதினால் தெரு முழுக்கச் சிரிக்கும். வாயாடி. என் மாமரத்து இலை அவள் முற்றத்தில் விழுந்தால் கூட்டி அள்ளி என் வாசலிலேயே கொட்டிவிட்டுப் போவாள். பாசார் சந்தையில் மீன்காரன் அவளைக் கண்டாலே செவுளைத் திறந்து காட்டிவிடுவான், கேட்கும்வரை காத்திருக்க மாட்டான். ஆனால் கை என்றால் கை அது.

பேக்டரியில் அவளுக்கு முகம் எழுதும் பிரிவு. அச்சிலிருந்து வரும் வினைல் தலைகளுக்குப் புருவம், உதடு, கண். ஏற்றுமதி பொம்மைகள். எல்லாம் நீலக் கண், ரோஜாக் கன்னம், மஞ்சள் முடி. இருபது வருஷம் வெள்ளைக்காரப் பிள்ளைகளாகவே எழுதித் தள்ளினாள். தொண்ணூற்றெட்டில் நாட்டுப் பொருளாதாரம் கவிழ்ந்தபோது பேக்டரியை இழுத்து மூடிவிட்டு வேறு நாட்டுக்குப் போய்விட்டான் முதலாளி. மார்க்கிரட் வெளியே வரும்போது, குப்பைக்குப் போக இருந்த ஒரு பெட்டி நிறைய முகம் எழுதாத தலைகளையும் உடல்களையும் கைகால்களையும் தூக்கிக்கொண்டு வந்தாள்.

பேக்டரிக்கு ஆர்டர் கொடுக்க வரும் அமெரிக்கக்காரி ஒருத்திக்கு இவள்மேல் பிரியம். அவள் ஒரு பத்திரிகைப் பக்கத்தை அனுப்பியிருந்தாள். அதில் சாதாரண பொம்மையின் பெயிண்டையெல்லாம் கழுவி எடுத்துவிட்டு, அன்றைக்குத்தான் பிறந்த பிள்ளை மாதிரி மறுபடி எழுதியிருந்தார்கள். தோலுக்கு அடியில் நரம்பு தெரிகிறது. நகத்துக்குக் கீழே ரத்தம் தெரிகிறது. அந்த ஊரில் அதற்கு ரீபோர்ன், மறுபடி பிறந்தது, என்று பேராம்.

“பெரிய ரீபோர்ன்!” என்றாள் மார்க்கிரட், அந்தக் காகிதத்தை என் மூக்குக்கு நேரே ஆட்டி. “இதையும் எல்லாம் வெள்ளப் பிள்ளையாவே செஞ்சு வெச்சிருக்காளுங்க பாருங்கண்ணே. நம்ம நிறத்துல ஒண்ணு செஞ்சு காட்டுறேன். உங்க பெயிண்ட்ல மிச்சம் இருந்தா குடுங்க.”

கார் லேக்கர் கொஞ்சம் கொடுத்தேன். அங்கேதான் முதல் சண்டை. வினைலுக்குள் எண்ணெய் இருக்கிறது. அது மெல்ல மெல்ல மேலே கசிந்து என் லேக்கரைக் காயவே விடவில்லை. பல வாரம் போயும் தலை பிசுபிசுவென்று இருந்தது. ஒரு காலை அவள் அதை நாளிதழோடு சேர்த்து என் கேட்டில் ஒட்டிவிட்டுப் போனாள். பேப்பரைப் பிய்த்தால் பிள்ளையின் கன்னத்தில் லோட்டரி ரிசல்ட் பதிந்திருந்தது.

“இதுக்குப் பேரு பெயிண்டா? ஈ புடிக்கிற பசை!”

“காருக்கு அடிக்கிறத பொம்மைக்கு அடிச்சா அப்படித்தான் லா. அது பெயிண்ட் தப்பில்ல.”

“அப்ப யார் தப்பு? கேட்ட நான்தான் முட்டாளு, சொல்லுங்க.”

அதன்பிறகு அவள் பேக்டரியில் பழகிய தண்ணீர் பெயிண்டுக்குப் போனாள். காற்றில் காய்கிற வகை. அடுப்பு வேண்டாம், நாற்றம் இல்லை, மேசையில் வைத்தால் போதும். ஆனால் நம் ஊர் வெக்கையில் அது தூரிகையை எடுப்பதற்குள் காய்ந்துவிடும். ஒரு நரம்பு இழுத்தது பிடிக்கவில்லை என்றால் போச்சு, அழிக்க முடியாது, மேலே மேலே பூசத்தான் வேண்டும். பூசப் பூசத் தோல் மாதிரி இருக்காது, சுண்ணாம்பு மாதிரி நிற்கும். அதோடு கைபட்டுக் கைபட்டு ஓரங்களில் விட்டுப் போகும். அலமாரியில் வைத்துப் பார்க்கிற பிள்ளைக்கு அது போதும், தூக்கிக் கொஞ்சுகிற பிள்ளைக்கு ஆகாது.

பிறகு அமெரிக்கக்காரி சின்னச் சின்ன ஜாடிகள் அனுப்பினாள். இது சுடுகிற பெயிண்ட். சூடு காட்டுகிறவரை காயவே காயாது. இன்றைக்கு எழுதியது நாளைக்கும் ஈரமாகவே இருக்கும். பிடிக்கவில்லையா, துணியால் துடைத்துவிட்டு மறுபடி எழுதலாம். பிடித்தபிறகு, கேக் சுடுகிற சூட்டுக்கும் கொஞ்சம் கம்மியான சூட்டில் வைத்தால் இறுகிவிடும். அதன்மேல் அடுத்த பூச்சு, மறுபடி சூடு. இப்படிப் பத்துப் பதினைந்து முறை. மெல்லிய பூச்சு ஒன்றின்மேல் ஒன்றாக ஏற ஏறத்தான் நிறம் உள்ளேயிருந்து வருகிற மாதிரி தெரியும். சூடு கொஞ்சம் ஏறினால் முகம் மினுங்கிவிடும். இன்னும் ஏறினால் தாடை தொங்கிவிடும். அப்படி இரண்டு தலையைக் கெடுத்தாள். அந்த வாரம் தெருவில் நாய்கூட அவள் வீட்டைச் சுற்றித்தான் போனது.

மூன்றாவது பிள்ளையைப் பார்த்துவிட்டு என் மனைவி சீதாலெட்சுமி சமையலறையில் வந்து நின்றாள். “கைய வெச்சுப் பாத்தேன்ங்க. மூச்சு விடுதோன்னு பாத்தேன்” என்றாள்.

சீதாலெட்சுமி எங்கள் கிருஷ்ணன் கோயிலின் மாதர் பிரிவுத் தலைவி. எங்கள் கோயிலில் கோகுலாஷ்டமியை அடுத்துவரும் ஞாயிற்றுக்கிழமைதான் கொண்டாடுவோம், வேலைக்குப் போகிற ஜனம் வரவேண்டும் அல்லவா? அன்றைக்குத் தொட்டில் கட்டி, குழந்தைக் கண்ணனைக் கிடத்தி, பெண்கள் வரிசையாக வந்து உதட்டில் வெண்ணெய் தடவி ஆட்டிவிட்டுப் போவார்கள். அந்தக் கண்ணன் யார் தெரியுமா? கிள்ளான் டவுனில் சீனன் கடையில் வாங்கிய பொம்மை. வெள்ளைத் தோல், நீலக் கண். நெற்றியில் நாமத்தைப் போட்டு, தலையில் மயிலிறகைச் சொருகி, இவன்தான் யசோதை பெற்ற பிள்ளை என்று எங்கள் ஜனம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். அந்த நீலக் கண்ணையும் மேரு பேக்டரியில் மார்க்கிரட்டே எழுதியிருக்கக்கூடும். அதற்கு மட்டும் யாருக்கும் தீட்டில்லை.

“இந்த வருஷம் மார்க்கிரட்டச் செய்யச் சொல்லலாம்” என்றாள் சீதாலெட்சுமி. கோயில் தலைவர் வேலாயுதத்திடமும் கேட்டாள். நான்கு லோரி வைத்து மணல் ஏற்றுகிற ஆள் அவர். “செய்யட்டும் லா, நல்லா இருந்தா வெப்போம்” என்றார். அப்படிச் சொன்னார், நான் பக்கத்தில் இருந்தேன்.

சீதாலெட்சுமி போய்க் கேட்டதும் மார்க்கிரட் சரி என்றாள். அன்றிலிருந்து தெருவில் கைக்குழந்தை இருக்கிற வீட்டிலெல்லாம் போய் உட்கார்ந்தாள். எதிர்வீட்டு ரமணிக்கு அப்போது ஒரு மாதப் பிள்ளை. அவனை மடியில் போட்டு, காது மடலைத் திருப்பிப் பார்ப்பதும், உள்ளங்காலை வெளிச்சத்தில் பிடிப்பதுமாக இருந்தாள்.

“என்னக்கா, வாங்கப்போற மீன பாக்கற மாதிரி பாக்கறீங்க?” என்று ரமணி சிரித்தாள்.

“சும்மா இரு. இருவது வருஷமா நான் பாக்காத நெறம் இது. கருப்புன்னா கருப்பு இல்ல. செவப்பு இருக்கு, ஊதா இருக்கு, காதுகிட்ட மஞ்ச இருக்கு. பேக்டரில இப்படி ஒரு டப்பா எனக்கு ஒருத்தனும் குடுக்கல.”

அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். இருபது வருஷம் அடுத்தவன் பிள்ளையை எழுதியவளுக்கு, நம்முடைய பிள்ளை ஒன்றை எழுதி நாலுபேர் கையில் கொடுக்கவேண்டும். கூலி பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

எந்தப் பெயிண்ட் என்று கேட்டேன். “நூறு பொம்பளைங்க தொடப் போறாளுங்க, வெண்ணெய் வேற தடவப் போறாளுங்க. காத்துல காயறது நிக்குமா? சுடறதுதான்” என்றாள். பிறகு மெதுவாக, அவளுக்கு வழக்கமே இல்லாத குரலில், “அண்ணே, என் ஓவன்ல ஞாயித்துக்கெழம மாட்டெறச்சி வேகும். அது உங்க சாமிக்கு ஆகாது. நான் பொய் சொல்லி வெக்க மாட்டேன். என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்க” என்றாள்.

யாரும் கேட்கவில்லை. அவளாகச் சொன்னாள். இதை அந்த வாய்கள் நன்றாகக் காதில் வாங்கிக்கொள்ளட்டும்.

என் வொர்க்‌ஷாப்பில் பெயிண்ட் சுடுகிற விளக்குகள் இருக்கின்றன. பழைய இரும்பு அலமாரி ஒன்றைப் படுக்கவைத்து, தட்டுகளைக் கழற்றி, விளக்குகளை அதன் வாய்க்கு நேரே திருப்பி ஒரு கூண்டு மாதிரி செய்தேன். கழுவினேன். மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். சூடம் காட்டினேன். அந்த வேலை முடிகிறவரை நான் கறி தொடவில்லை. மார்க்கிரட்டும் தொடவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. நான் அவளிடம் அப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவே இல்லை. மதிய நேரத்தில், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கேக் வெப்பமானியை அலமாரிக்குள் தொங்கவிட்டு, “கொஞ்சம் தள்ளுங்க, சூடு ஏறுது, கொஞ்சம் தள்ளுங்கன்னா!” என்று என் விளக்கையும் என்னையும் சேர்த்து விரட்டுவாள். ஒவ்வொரு பூச்சுக்கும் அப்படித்தான்.

முடிந்ததும் தூக்கிப் பார்த்தேன். என் தொழிலும் பெயிண்ட்தான். ஆனால் அது பெயிண்ட் இல்லை. தலைகுளித்துத் துவட்டிப் போட்ட பிள்ளை. விரல் மடிப்புகளில் கறுப்பு கூடியிருந்தது. உள்ளங்கையும் உள்ளங்காலும் வெளிறியிருந்தன. உதட்டின் ஓரம் நாவற்பழத் தோல் மாதிரி. கண் மூடித் தூங்கியது. திருப்பினால், இடுப்புக்குக் கீழே நம் பிள்ளைகளுக்குப் பிறக்கும்போதே இருக்குமே ஒரு நீலத் திட்டு, அதுவும் இருந்தது.

கோயில் மண்டபத்தில் கமிட்டியிடம் காட்டினோம். வேலாயுதம் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். முகம் நன்றாக இல்லை.

“என்ன இது, இவ்ளோ கருப்பா இருக்கு?”

“பொறந்த பிள்ளை பின்ன எப்படி இருக்கும்?” என்றாள் மார்க்கிரட்.

“கிருஷ்ணர் நீலம்லா. காலண்டர்ல பாத்ததில்லியா? உங்க ஆளுங்க வீட்டுல இருக்காதுதான்.”

“நீலந்தானே வேணும்? இருக்கு. திருப்பிப் பாருங்க” என்று பிள்ளையைக் கவிழ்த்து இடுப்புக்குக் கீழே காட்டினாள். கமிட்டியில் யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். அதுதான் வினை. வேலாயுதத்துக்குத் தன் எதிரில் யாரும் சிரித்தால் பிடிக்காது.

“சரி, இத எங்க வெச்சு சுட்டீங்க? மாட்டெறச்சி ஓவன்லதானே? ஊரே பேசுது.”

நான் எழுந்தேன். “தலைவரே, என் வொர்க்‌ஷாப்ல, என் லேம்புல சுட்டது. அலமாரியக் கழுவி, சூடம் காட்டி...”

“நீ காட்டினா போதுமா வாசு? நீ என்ன ஐயரா? சுட்ட எடம் வேற, சுட்ட கை அவளோடதுதானே? கல்யாணம் ஆகாத பொம்பள, வேற மதம், ஒரு பிள்ளையப் பெத்திருக்காளா? அவ பெத்த சாமிய நம்ம பொம்பளைங்க தாலாட்டணுமா?”

இந்த வார்த்தையை அவள் முகத்துக்கு நேரே சொன்னார். ஒரு மனுஷன் சொல்லக்கூடிய பேச்சா இது? பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் தங்கள் தங்கள் கால் விரலைப் பார்த்தார்கள். மார்க்கிரட், வாய்க்கு வாய் பதில் வைத்திருப்பவள், பிள்ளையின் கால் விரலில் ஏதோ தூசியைத் தட்டிவிட்டு, துணியால் மூடி, மேசைமேல் வைத்தாள். வெளியே போய்விட்டாள்.

அதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிகிறது.

கமிட்டி முடிவு செய்தது. மாதர் பிரிவு கேட்டுச் செய்த பொம்மையை ஒரேயடியாக ஒதுக்க முடியாது என்பதால் இதையே ஐயர் தீட்டுக் கழிப்பார். பிறகு நாகையா இதன்மேல் நீலம் அடிப்பார், சுடாமல், காற்றில் காய்கிற பெயிண்டாக. நாகையா பேனர் எழுதுகிறவர், கோயில் சுவருக்கும் அவர்தான் அடிப்பார். சுவருக்கு அடித்த நீல எமல்ஷன் அரை டின் மிச்சம் இருந்தது.

“கேக்கறேன் தலைவரே” என்றேன். “உங்க லோரி கெபினுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தப்ப என்ன சொன்னீங்க? வெயில் மழையில நிக்கிற வண்டி, சுட்ட பெயிண்ட்தான் வேணும், காத்துல காயறது உரிஞ்சு போவும்னு சொன்னீங்களா இல்லியா? லோரிக்குச் சுட்டது, கண்ணனுக்குச் சுவத்து எமல்ஷனா?”

“லோரி மணல் ஏத்துது லா, சாமி என்ன மணலா ஏத்துது?” என்றார். சிரித்தார்கள். இதற்குச் சிரிக்க மட்டும் வாய் இருந்தது.

ஐயர் தீட்டுக் கழித்தது எப்படி? தலையிலிருந்து கால்வரை நல்லெண்ணெய் தேய்த்து, மஞ்சள் தண்ணீர் ஊற்றி, மந்திரம் சொல்லி. பிறந்த பிள்ளைக்கு எண்ணெய்க் குளியல் மாதிரி. அவர்மேல் எனக்கு வருத்தமில்லை, அவர் வேலையை அவர் செய்தார். ஆனால் அந்த எண்ணெய் முழுக்கப் போகுமா? மடிப்புகளில், விரல் இடுக்கில், காதுக்குப் பின்னால் நின்றுவிட்டது. அதன்மேல் நாகையா பிரஷ்ஷை எடுத்தார்.

“அண்ணே, சுட்ட பெயிண்ட் கண்ணாடி மாதிரி இருக்கும்” என்றேன். “அதுமேல சுவத்து பெயிண்ட் புடிக்காது. எண்ணெய் வேற இருக்கு. தின்னர்ல தொடச்சு, மணல் தாள் போட்டு லேசா சொரசொரப்பாக்குனாத்தான் நிக்கும்.”

நாகையா என்னைப் பார்த்த பார்வை! “தின்னரா? தீட்டுக் கழிச்ச எண்ணெய்ய தின்னர் போட்டுத் தொடைக்கறதா? சாமி தோல்ல மணல் தாளா? கை வருமா வாசு உனக்கு?”

எனக்கும் கை வராது, அது உண்மைதான். உறங்குகிற பிள்ளையின் கன்னத்தில் மணல் தாளை எவன் வைப்பான்? அதனால் எண்ணெய்மேலேயே அடித்தார். இரண்டு பூச்சு. பிரிக்பீல்ட்ஸ் காலண்டர் கடை நீலம். விரல் மடிப்பு போச்சு, நகம் போச்சு, உதடு போச்சு. நீலச் சுவர் ஒன்றுக்குக் கைகால் முளைத்த மாதிரி இருந்தது. அதில் சிவப்பில் ஒரு வாய் வேறு எழுதினார்.

சீதாலெட்சுமி வீட்டுக்கு வந்து பாத்திரத்தையெல்லாம் தடால் தடாலென்று வைத்தாள். “மார்க்கிரட் மூஞ்சியில எப்படி முழிப்பேன்? நான்தானே போயி கேட்டேன்” என்றாள். மார்க்கிரட் அந்த வாரம் கதவைத் திறக்கவில்லை. என் மாமர இலை அவள் முற்றத்தில் குவிந்து கிடந்தது, அள்ளிக் கொட்ட ஆளில்லை. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வேலாயுதத்தின் லோரியைக் கல்லால் அடிக்கவேண்டும்போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலையிலேயே கூட்டம். தொட்டிலில் பூ, மேலே மின்விளக்குச் சரம். கிருஷ்ணர் நீலமாகப் படுத்திருந்தார். வேலாயுதம் பட்டு வேட்டியோடு தொட்டிலுக்குப் பக்கத்தில், கட்டியவரே அவர் என்பதுபோல நின்றார். பெண்கள் வரிசை கேட்டுவரை போனது. கிண்ணத்தில் வெண்ணெய். ஒவ்வொருத்தியாக விரலால் தொட்டு உதட்டில் தடவி, கன்னத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி, கயிற்றை இழுத்துவிட்டுப் போனார்கள்.

கொஞ்ச நேரத்தில் வாய் போனது. நாகையா எழுதிய சிவப்பு வாய் யாரோ ஒருத்தியின் விரலோடு போய்விட்டது. அவள் பார்த்துப் பயந்து முந்தானையில் துடைத்தாள். பிறகு மூக்கு. மின்விளக்குச் சரத்தின் சூடும், கீழே இருந்த நல்லெண்ணெயும், மேலே தடவிய வெண்ணெயும் சேர்ந்து வேலையைக் காட்டின. நீலம் ஓரம் தூக்கி, ஏடு ஏடாக எழும்பியது, கொதித்து ஆறிய பால்மேல் ஆடை மாதிரி. வரிசையில் நின்ற ஒரு சின்னப் பெண் சத்தமாகவே சொன்னாள்: “அம்மா, சாமிக்குத் தோல் உரியுது!”

கூட்டம் அப்படியே நின்றது. ‘ஐயோ, அபசகுனம்’ என்று ஒரு குரல். வேலாயுதம் கையை விரித்தார். “தொடாதீங்க, யாரும் தொடாதீங்க! நாகையா, போயி துணி கொண்டா, மூடு!”

அடுத்து நின்றவள் எதிர்வீட்டு ரமணி. தோளில் அவள் பிள்ளை. அவள் குனிந்து, உரிந்த இடத்தை விரலால் நீவினாள். கன்னம் முழுக்க ஒரே ஏடாகக் கழன்று வந்தது. கீழே அந்தக் கறுப்புக் கன்னம், வெண்ணெய் பட்டு மினுமினுவென்று, இப்போதுதான் தூங்கினது மாதிரி. ரமணி தன் பிள்ளையைப் பார்த்தாள், தொட்டிலைப் பார்த்தாள்.

“அக்கா!” என்று சீதாலெட்சுமியைக் கூப்பிட்டாள். “உள்ள பிள்ளை இருக்குக்கா. நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரியே இருக்குக்கா.”

பெண்கள் எல்லாரும் தொட்டிலைச் சுற்றி வந்துவிட்டார்கள். வேலாயுதம் துணியோடு உள்ளே புகப் பார்த்தார். “தள்ளுங்க, தள்ளுங்க, மூடிட்டு அந்தப் பழைய பொம்மைய வெப்போம்.”

சீதாலெட்சுமி அவர் கையிலிருந்து துணியைப் பிடுங்கினாள். என் மனைவி கோயிலில் தலைவர் எதிரில் குரல் உயர்த்திப் பேசியவள் இல்லை. அன்றைக்குப் பேசினாள்.

“பொறந்த பிள்ளையக் குளிப்பாட்டப் போறோம். ஆம்பளைங்க எல்லாரும் வெளிய நில்லுங்க.”

“என்னம்மா, கமிட்டி முடிவு...”

“பிள்ளை குளிக்கிற எடத்துல கமிட்டிக்கு என்ன வேலை? உங்க வீட்டுல பொறந்தப்பவும் உள்ளயே நின்னீங்களா? வெளிய போங்கண்ணே.”

பெண்கள் சிரித்தார்கள். சிரிப்போடு தோளை வைத்து நெருக்கினார்கள். பட்டு வேட்டி பின்னால் போனது, பின்னால் போனது, மண்டபத் தூணில் முட்டிப் படியில் இறங்கியது. நாகையாவும் இறங்கினார். நானும் வெளியே தள்ளப்பட்டேன். தள்ளியது என் சொந்த அண்ணிதான், ஆனால் அதில் எனக்குக் கோபமில்லை.

கேட்டருகே செருப்பு ரேக்குக்குப் பக்கத்தில் மார்க்கிரட் நின்றுகொண்டிருந்தாள். சர்ச்சிலிருந்து நேரே வந்திருக்கிறாள், கையில் பைபிள் பை. எவ்வளவு நேரமாக நின்றாளோ.

“என்ன, போச்சா?” என்றாள்.

“நீலம் போச்சு. உன்னோடது அப்படியே இருக்கு.”

“அதுக்குத்தானே சுட்டது” என்றாள். அவ்வளவுதான்.

உள்ளேயிருந்து சீதாலெட்சுமியின் குரல்: “மார்க்கிரட் வந்திருக்காளா? உள்ள வரச் சொல்லுங்க, காது மடல்ல ஒட்டுன நீலம் போகமாட்டேங்குது!”

அவள் படியில் கால் வைத்தபோது வேலாயுதம் வாயைத் திறந்தார். நான் அவருக்கு முன்னால் போய் நின்றேன். என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது, பத்திரிகையில் போடமாட்டார்கள். அவர் படியைவிட்டு விலகினார்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மார்க்கிரட் பிள்ளையை மடியில் போட்டு, நல்லெண்ணெய் தோய்த்த துணியின் நுனியை முறுக்கிக் காதுக்குள் விட்டுத் துடைத்தாள். அதே நேரத்தில் எல்லாரையும் திட்டினாள். “யாரு இப்படி நகத்தால சொரண்டினது? பிள்ளையத் தொடற மாதிரியா தொட்டீங்க? கைய எடு நீ. விரல் இடுக்குல இன்னும் இருக்கு பாரு, அந்தத் துணியக் குடு.” பெண்கள் ஏச்சு வாங்கிக்கொண்டே சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பிறகு அவள் பிள்ளையைத் தொட்டிலில் கிடத்தினாள். ரமணி கயிற்றை அவள் கையில் கொடுத்தாள். மார்க்கிரட் கையை இழுத்துக்கொண்டாள். ரமணி விடவில்லை. கடைசியில் ஒருமுறை இழுத்துவிட்டாள். தொட்டில் ஆடியது.

அன்றிலிருந்து எங்கள் கோயில் தொட்டிலில் அந்தக் கறுப்புப் பிள்ளைதான். அடுத்த வருஷம் வேலாயுதம் பழைய சீனன் கடைப் பொம்மையையே எடுத்து வைத்துப் பார்த்தார். மாதர் பிரிவு வரவில்லை, வெண்ணெய் கிண்ணத்திலேயே உருகியது. சாயங்காலத்துக்குள் பொம்மையை மாற்றினார்கள். ஆனால் அவள் வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை சொன்ன கமிட்டிக்காரன் இன்றுவரை இல்லை. மாறாக, மாட்டிறைச்சி அடுப்புக் கதையை மட்டும் தலைமுறைக்கும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். வெட்கம் கெட்டவர்கள்.

விழா முடிந்த மறுநாள் காலை என் வாசல் முழுக்க மா இலை. ஒரு வாரக் குவியல். கேட்டைத் திறக்கவே முடியவில்லை.

“மார்க்கிரட்!” என்று கத்தினேன்.

“உங்க மரம்தானே?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “அள்ளுங்க!”